சொந்தச் செல்லை வளர்த்து முழங்கால் குருத்தெலும்பைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களை மறுபடி நடக்க வைப்பது என் தொழில். பிசியோதெரபிஸ்ட். கத்தி பிடிக்கிறவர்களிடம் கேட்கத் தயங்குகிற கேள்வியெல்லாம் பயிற்சிக் கட்டிலில் படுத்திருக்கும்போது என்னிடம் வந்துவிடும். முழங்காலிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்புச் செல்லை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, திரும்ப வைக்கும் சிகிச்சையைப் பற்றி அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே இருக்கின்றன. உங்கள் காலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் எலும்பு மருத்துவர்தான்.

"ஜவ்வு போயிருக்கு" என்றார்கள். அதைத்தான் என் சொந்தச் செல்லை வைத்துச் சரிசெய்வார்களா?

முதலில் எந்த ஜவ்வு என்று கேளுங்கள். நம் ஊரில் 'ஜவ்வு' என்ற ஒரே சொல்லை மூன்று வேறு பொருள்களுக்குச் சொல்கிறோம், குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. விளையாடும்போது கால் மடங்கி அறுந்துபோவது ஏ.சி.எல். போன்ற லிகமெண்ட். அது இரண்டு எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் நார். கிழிந்து மாட்டிக்கொண்டு காலை நீட்டவிடாமல் செய்வது மெனிஸ்கஸ். அது இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் கிடக்கும் மெத்தை. மூன்றாவது குருத்தெலும்பு. எலும்பின் முனையில் வெள்ளையாக, வழுவழுவென்று ஒட்டியிருக்கும் பூச்சு அது. கோழிக்கால் எலும்பின் நுனியில் பளபளவென்று இருக்குமே, அதேதான். மனித முழங்காலில் அது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம். முட்டிச் சில்லின் பின்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

இந்தப் பக்கம் பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டும். அதிலும் எல்லாக் குருத்தெலும்புச் சேதத்தையும் பற்றி இல்லை. சாலையில் ஒரு இடத்தில் மட்டும் குழி விழுந்திருந்தால் அதை அடைக்கலாம். சாலை முழுக்க ஜல்லி பெயர்ந்து கிடந்தால் குழி அடைக்கும் லாரியைக் கூப்பிட்டுப் பயனில்லை. சொந்தச் செல்லை வளர்த்து வைக்கும் இந்தச் சிகிச்சை குழிக்கானது. வயதில் வரும் மூட்டுத் தேய்மானம் ஜல்லி பெயர்ந்த சாலை. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தாலே பாதிப் பேர் தேவையில்லாத அலைச்சலிலிருந்து தப்பிப்பார்கள்.

குருத்தெலும்பு தானாக ஆறாதா? தோல் ஆறுகிறதே, எலும்பு கூடச் சேர்கிறதே?

ஆறாது. தோலில் வெட்டுப்பட்டால் இரத்தம் வரும், இரத்தம் உறையும், அதன் பின்னாலேயே பழுதுபார்க்கும் செல்கள் வரும். குருத்தெலும்பில் இரத்தக் குழாயே கிடையாது, நரம்பும் கிடையாது. உள்ளே இருக்கிற செல்கள் மொத்தக் கனஅளவில் சில சதவீதம்தான். மற்றதெல்லாம் நீரும், கொலாஜன் என்ற நார்ப்புரத வலையும், அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கும் புரதங்களும். ஒவ்வொரு செல்லும் தன் சின்ன அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பக்கத்தில் பள்ளம் விழுந்தாலும் அதனால் நகர்ந்து போய் நிரப்ப முடியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற உடற்கூறு மருத்துவர் 1743-லேயே, அழிந்த குருத்தெலும்பு திரும்பி வருவதில்லை என்று எழுதி வைத்துவிட்டார்.

நரம்பு இல்லாததில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளம் சிறிதாக இருக்கும்வரை வலி தெரியாது. அடியிலுள்ள எலும்பு வெளியே தெரிந்த பிறகுதான் வலி, வீக்கம், படி இறங்கும்போது குத்தல் எல்லாம் வரும்.

இந்த முறையை யார் தொடங்கினார்கள்?

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்துக்காரர்கள். லார்ஸ் பீட்டர்சன் என்ற அறுவை மருத்துவர் முதலில் நியூயார்க்கில் முயல்களின் முழங்காலில் செய்து பார்த்தார். பிறகு சொந்த ஊர் திரும்பி 1987-ல் முதல் மனிதருக்குச் செய்தார். அவரும் மாட்ஸ் பிரிட்பெர்க், ஆண்டர்ஸ் லிண்டால் ஆகியோரும் சேர்ந்து 23 பேரின் முடிவுகளை 1994-ல் வெளியிட்டார்கள். தொடை எலும்பின் உருண்டை முனையில் பள்ளம் இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முட்டிச் சில்லில் பள்ளம் இருந்த 7 பேரில் 2 பேருக்கு மட்டுமே. வெற்றியை எழுதிய அதே கட்டுரையில் தோல்வியையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள், எனக்கு அது பிடிக்கும். சில்லு ஏன் சொதப்பியது என்று பலரும் தேடப் போய்த்தான், சில்லு தன் தடத்தில் சரியாக ஓடாதவர்களுக்கு முதலில் தடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பது பிடிபட்டது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997-ல் 'கார்ட்டிசெல்' என்ற பெயரில் இதற்கு அனுமதி தந்தது. செல்களை ஒரு சவ்வில் பதித்துத் தரும் 'மேசி' 2016 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்றது. ஜப்பானில் 2012-ல் ஒரு தயாரிப்பு வந்தது. இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த ரீக்ரோ பயோசயின்சஸ் நிறுவனத்தின் 'கார்ட்டிக்ரோ'வுக்கு 2017-ல் அனுமதி கிடைத்தது.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரிப் போனது. அனுமதி பெற்ற தயாரிப்புகளில் ஒன்று வியாபாரக் காரணத்தால் விலக்கப்பட்டது. இன்னொன்றின் தொழிற்சாலையே மூடப்பட்டதால் 2014-ல் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டிய மருந்து இது. மாத்திரை மாதிரி மூட்டை மூட்டையாகச் செய்து அடுக்க முடியாது. விலை ஏன் இறங்கவில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, என்னதான் செய்வார்கள்? ஒரே ஆபரேஷனா?

இரண்டு. நடுவில் சில வாரம் காத்திருப்பு.

முதல் ஆபரேஷன் சாவித் துளை வழியாக. ஆர்த்ரோஸ்கோப்பி என்று கேட்டிருப்பீர்கள். கேமராவை உள்ளே விட்டுப் பள்ளம் எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம், சுற்றியுள்ள குருத்தெலும்பு திடமாக இருக்கிறதா என்று கொக்கி போன்ற ஒரு கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் ஒத்து வந்தால், எடை விழாத ஒரு ஓரத்திலிருந்து 200 முதல் 300 மில்லிகிராம் குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு அரிசிமணி எடை, அவ்வளவுதான். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம்.

எடுத்த துணுக்கு குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே நொதி வைத்துக் கரைத்துச் செல்களை மட்டும் பிரிப்பார்கள். இரண்டு மூன்று லட்சம் செல்கள் தேறும். அவற்றை 3 முதல் 6 வாரம் வளர்த்தால் ஒரு கோடியைத் தாண்டும். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் அப்பா, தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்ப்பவர், "நாத்தங்கால் விடுறாங்க, அப்புறம் பறிச்சு நடுறாங்க, அவ்வளவுதானே சார்" என்றார். அதற்குமேல் நான் விளக்கவில்லை. நாற்றங்காலில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தட்டையான பாத்திரத்தில் பரவி வளரும்போது இந்தச் செல்கள் தாங்கள் குருத்தெலும்புச் செல் என்பதையே கொஞ்சம் மறந்துவிடும், சாதாரண நார்ச் செல் போல நடந்துகொள்ளும். முழங்காலுக்குள் போய்ப் பொருந்திய பிறகுதான் பழைய குணம் மெல்லத் திரும்புகிறது. ஆய்வகத்தின் தரம் இங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது ஆபரேஷன் பெரும்பாலும் திறந்து செய்வது. பள்ளத்தின் ஓரத்தில் பிசிறாக இருக்கும் குருத்தெலும்பை எல்லாம் வெட்டி எடுத்து, கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தான, உறுதியான கரை வரும்வரை சுத்தம் செய்வார்கள். அடியிலுள்ள எலும்பைக் கீறிவிடக் கூடாது. இரத்தம் கசிந்தால் அதோடு வேறு செல்களும் வந்து கலந்துவிடும். பிறகு மெல்லிய அலுமினியத் தாள் ஒன்றைப் பள்ளத்தின் மேல் வைத்து விரலால் அழுத்துவார்கள். பள்ளத்தின் வடிவம் தாளில் அப்படியே பதியும். சின்ன வயதில் நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதே வேலை. அந்தத் தாளை வெட்டி, அதை அளவாக வைத்துச் செல் பதித்த சவ்வை வெட்டி, செல் இருக்கும் பக்கம் எலும்பைப் பார்த்திருக்கும்படி பள்ளத்தில் அமர்த்தி, ஃபைப்ரின் பசையால் (இரத்தம் உறையும்போது உண்டாகும் புரதத்தில் செய்த பசை) ஒட்டுவார்கள். கோடிக்கணக்கான செல், ஆய்வகம், விமானத்தில் வந்த பெட்டி எல்லாம் கடைசியில் கத்தரிக்கோல் வேலையில் வந்து நிற்கும். தையற்காரர் கைதான் வேண்டும்.

இது இன்றைய முறை. ஆரம்பக் காலத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேலுறையிலிருந்து ஒரு துண்டை உரித்து, பள்ளத்தின் மேல் மெல்லிய நூலால் சுற்றித் தைத்து, அதன் அடியில் செல் கரைசலை ஊசியால் விடுவார்கள். அந்த மேலுறை சில பேருக்குத் தடித்து வளர்ந்து தொந்தரவு கொடுத்தது. அதனால் அதற்குப் பதிலாகக் கொலாஜன் சவ்வு வந்தது. செல்களை ஃபைப்ரின் பசையோடு கலந்து பள்ளத்தில் விட்டு உறைய வைக்கும் முறையும் உண்டு.

இதுவும் ஸ்டெம் செல் ஊசியும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இங்கே எடுப்பது ஏற்கெனவே குருத்தெலும்பாக வாழ்ந்துகொண்டிருக்கிற செல். அதை ஆய்வகத்தில் எண்ணி, கிருமி இல்லை என்று சோதித்து, குறிப்பிட்ட பள்ளத்தில் கையால் வைக்கிறார்கள். இடுப்பு எலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எதையோ உறிஞ்சி, அன்றே சுழற்றி, முழங்காலில் ஊசியாகப் போட்டு "குருத்தெலும்பு வளர்ந்துவிடும்" என்று சொல்வது வேறு வியாபாரம். பி.ஆர்.பி. என்பது உங்கள் இரத்தத்தின் தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடுவது. சிலருக்கு வலி குறையலாம், பள்ளத்தை அது மூடாது. இந்தியாவில் ஸ்டெம் செல்லிலிருந்து செய்த தயாரிப்பு 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி 'புதிய மருந்து' கணக்கில் வரும், அனுமதி வேண்டும். கிளினிக் சுவரில் பெரிய விளம்பரம் இருந்தால், அந்த அனுமதியைக் காட்டுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

எனக்குப் பொருந்துமா?

மருத்துவர்கள் மனதுக்குள் போடும் கணக்கைச் சொல்கிறேன். வயது ஏறக்குறைய 18 முதல் 50, 55 வரை. ஒரு இடத்தில், அல்லது இரண்டு மூன்று இடத்தில், எலும்பு தெரியும் அளவுக்குப் பள்ளம். பள்ளத்தின் பரப்பு 2 சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர், அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள குருத்தெலும்பு நன்றாக இருக்க வேண்டும், எதிர்ப்பக்க எலும்பில் அதே மாதிரிப் பள்ளம் இருக்கக் கூடாது. எந்தச் சிகிச்சையை யாருக்குத் தரலாம் என்று மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017-ல் வகுத்த நிபந்தனையும் இதை ஒட்டியதுதான்: 2 சதுர சென்டிமீட்டருக்கு மேல், தேய்மானம் மிகக் குறைவு, குருத்தெலும்பைச் சரிசெய்ய முன்பு ஆபரேஷன் செய்திருக்கக் கூடாது.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கும் இது கிடையாது. உடல் பருமன் அதிகமென்றால் முதலில் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். புகை பிடிப்பவர்கள் நிறுத்த வேண்டும், "குறைச்சுட்டேன் சார்" என்பது கணக்கில் வராது. பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன், ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து போன்றவை சில தயாரிப்புகளில் இருக்கும். ஒவ்வாமையோ சமயக் காரணமோ இருந்தால் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பள்ளம் ஏன் விழுந்தது? கால் வளைந்திருந்தால் எடை முழுக்க ஒரே பக்கம் விழும். ஏ.சி.எல். அறுந்திருந்தால் எலும்பு வழுக்கி வழுக்கி உரசும். மெனிஸ்கஸ் இல்லாவிட்டால் மெத்தை இல்லை. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளத்தை மட்டும் அடைத்தால், கூரையில் உடைந்த ஓட்டை மாற்றாமல் ஈரச் சுவருக்கு வெள்ளையடித்த கதைதான். எலும்பை நிமிர்த்துவதோ லிகமெண்டைக் கட்டுவதோ கூடவே நடக்கும், அல்லது முன்பே நடக்கும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. அதை வைத்தே முடிவு செய்யக் கூடாதா?

பாதி முடிவு செய்யலாம். பள்ளம் எம்.ஆர்.ஐ.யில் தெரிவதைவிட உள்ளே பெரிதாக இருப்பது சகஜம். கேமராவில் பார்த்த பிறகு "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்கிற மருத்துவரிடம் கோபப்படாதீர்கள்.

எலும்பில் துளை போடும் மைக்ரோஃபிராக்சர் மலிவாமே. முதலில் அதைச் செய்து பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் இதற்கு வரலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி, கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். மைக்ரோஃபிராக்சரில் பள்ளத்தின் அடி எலும்பில் சிறு துளைகள் போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து இரத்தம் கசிந்து உறைந்து, அதில் ஒரு நார்க் குருத்தெலும்பு உருவாகும். அசல் அளவுக்கு உறுதி இல்லை. ஆனால் ஒரே ஆபரேஷன், ஆய்வகம் தேவையில்லை. சிறிய பள்ளத்துக்கு நியாயமான வழி. நானே பலர் நன்றாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதில் இருக்கிறது. துளை போட்ட எலும்பு தடித்து இறுகிவிடுகிறது. அமெரிக்காவில் டாம் மைனாஸ் குழு 2009-ல் வெளியிட்ட கணக்கில், எலும்பைத் துளைக்கும் சிகிச்சை முன்பே செய்திருந்தவர்களில் 26 சதவீதம் பேருக்குச் செல் சிகிச்சை தோற்றது. செய்யாதவர்களில் 8 சதவீதம்தான். மூன்று மடங்கு. ஆகவே பள்ளம் பெரிதென்றால் மலிவானதை முதலில் முயன்று பார்ப்பது சிக்கனமாகத் தெரியாது, பின்னால் கணக்குப் பார்த்தால்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால்? நார்வேயில் 80 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. இரண்டு ஆண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை, 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் இல்லை. செல் வைத்த 40 பேரில் 17 பேருக்கும், துளை போட்ட 40 பேரில் 13 பேருக்கும் தோல்வி. ஆனால் அது மேலுறையைத் தைத்த பழைய முறை. பிறகு 'மேசி'யை வைத்து 144 பேரிடம் நடந்த சோதனையில், 3 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத பள்ளங்களில், வலியிலும் அன்றாட வேலையிலும் செல் சிகிச்சைதான் முந்தியது. வேடிக்கை என்னவென்றால், திசுவை வெட்டிப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதை உங்களிடம் மறைத்து "அசல் குருத்தெலும்பே வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

வேறொரு இடத்திலிருந்து எலும்போடு தோண்டி எடுத்து வைப்பார்களாமே?

அது மொசைக்பிளாஸ்டி. சின்னச் சின்ன உருளைகளாக எடுத்து நடுவது. சிறிய பள்ளத்துக்குச் சரி, பெரிதானால் எடுக்கிற இடத்திலேயே பள்ளமாகிவிடும். லண்டனை அடுத்த ஸ்டான்மோரில் 100 பேரைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், செல் சிகிச்சையில் 17 சதவீதமும் மொசைக்பிளாஸ்டியில் 55 சதவீதமும் தோற்றன.

எத்தனை வருஷம் தாங்கும்?

பீட்டர்சன் குழு 10 முதல் 20 ஆண்டு ஆனவர்களிடம் கடிதம் போட்டுக் கேட்டது. பதில் அனுப்பிய 224 பேரில் 74 சதவீதம் பேர் முந்தைய ஆண்டுகளைவிட மேல் அல்லது அதே அளவில் இருப்பதாகச் சொன்னார்கள். 92 சதவீதம் பேர், மறுபடி வாய்ப்பு வந்தாலும் இதையே செய்துகொள்வோம் என்றார்கள். பதில் போடாதவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆட்டுக்கால் சூப், கொலாஜன் பவுடர் குடித்தால் வளராதா?

ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், மிளகு தூக்கலாகப் போட்டு. சுவைக்காக. வயிற்றில் செரித்துச் சிதைந்து போகிற கொலாஜனுக்கு உங்கள் வலது முழங்காலில் பள்ளம் இருக்கிற விலாசம் தெரியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் கட்டை வைத்து நடக்க வேண்டும்?

இங்கே என் கடை ஆரம்பம்.

பள்ளத்தில் வைத்த செல்கள் முதல் சில வாரம் இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும். சில மாதத்தில் கொஞ்சம் இறுகும். முற்றிய தேங்காயின் பதம் வர ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். வழுக்கையின் மேல் ஏறி நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்தாலும் கெட்டுவிடும். குருத்தெலும்புக்கு இரத்தம் இல்லை என்றேன் அல்லவா? அதற்குச் சாப்பாடு மூட்டு நீரிலிருந்துதான், மடக்கி நீட்டும்போதுதான் அந்த நீர் உள்ளே போய் வரும். எடை கூடாது, அசைவு வேண்டும். இந்த ஆறேழு வாரத்தின் மொத்தச் சூத்திரமும் அதுதான்.

அதனால் மறுநாளே சி.பி.எம். மெஷினில் காலை வைத்துவிடுவோம். அது காலை மெல்ல மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம், சில வாரங்களுக்கு. போர் அடிக்கும், தூங்கியே விடுவார்கள், பரவாயில்லை.

நடக்க இரண்டு பக்கமும் கட்டை. தொடை எலும்பின் முனையில் வைத்திருந்தால் முதலில் பாதம் தரையைத் தொடுகிற அளவு எடைதான். "கொஞ்சமா ஊன்றுங்க" என்றால் யாருக்கும் புரியாது. அதனால் வீட்டு எடை பார்க்கும் மெஷினை வைத்து, அதன் மேல் ஆபரேஷன் செய்த காலை வைத்து, முள் 10 கிலோவைத் தாண்டாமல் அழுத்தச் சொல்வேன். இரண்டு நாளில் பாதத்துக்கே அந்த அளவு பழகிவிடும். பிறகு வாரம்தோறும் கூட்டுவோம். கட்டையை முழுதாக விட 8 முதல் 12 வாரம் ஆகும். சில்லின் பின்னால் வைத்திருந்தால் கணக்கு தலைகீழ்: காலை நேராகப் பூட்டிய பிரேஸோடு (முட்டியைச் சுற்றிக் கட்டும் தாங்கி) சீக்கிரமே ஊன்றலாம், மடக்குவதில்தான் கட்டுப்பாடு.

ஒரு கபடிப் பையன் ஏழாவது வாரம் அக்கா கல்யாணத்தில் கட்டையை மூலையில் சாத்திவிட்டுப் பந்தி பரிமாறினான். வலியே இல்லையாம். நரம்பில்லாத இடம், எப்படி வலிக்கும்? மூன்றாம் நாள் முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கி வந்து நின்றான். எம்.ஆர்.ஐ.யில் சவ்வின் ஒரு ஓரம் தூக்கியிருந்தது. மறுபடி கேமரா விட்டு அந்த ஓரத்தை நறுக்க வேண்டியதாயிற்று. வலி இல்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபீஸ், வண்டி?

உட்கார்ந்து பார்க்கும் வேலையென்றால் 2 முதல் 4 வாரத்தில் போகலாம், காலை நீட்டி வைக்க ஒரு ஸ்டூலோடு. மூட்டை தூக்கும் வேலை, வயல் வேலைக்கு ஆறு மாதத்துக்கு மேல். பைக், கார் எல்லாம் கட்டையை விட்டு, திடீர் பிரேக் அடிக்கும் வலு வந்த பிறகு. பெரும்பாலும் மூன்று மாதம். சிக்னலில் காலை ஊன்றி வண்டியைத் தாங்குகிற ஆட்கள் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

சம்மணம் போடலாமா? இந்தியன் டாய்லெட்?

வெளிநாட்டுக் கையேடுகளில் இந்தக் கேள்வியே இருக்காது. கால் மடங்குவது வேறு, மடங்கிய காலில் எடையைச் சுமந்து எழுவது வேறு. கட்டிலில் உட்கார்ந்து சம்மணம் போடும் அளவு மடக்கம் பலருக்கும் மாதங்களில் வந்துவிடும். தரையில் குந்தி எழும்போதுதான் சில்லும் தொடை எலும்பும் மிகக் கடுமையாக அழுந்துகின்றன. குறைந்தது ஓராண்டு அதை நினைக்காதீர்கள். சில்லில் சிகிச்சை செய்தவர்கள் அதற்குப் பிறகும் தவிர்ப்பது நல்லது. ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். கடைகளில் கிடைக்கும் நாற்காலி மாதிரியான கமோடு போதும்.

மறுபடி விளையாடலாமா?

சைக்கிளும் நீச்சலும் சில மாதத்தில். மெல்ல ஓடுவதற்கு 9 முதல் 12 மாதம். கபடி, கால்பந்து மாதிரி மோதும் ஆட்டங்களுக்கு 12 முதல் 18 மாதம். அதுவும் இரண்டு தொடையின் வலுவும் சமமான பிறகு. ஆபரேஷன் ஆன தொடை முதல் மாதத்திலேயே இளைத்துவிடும், டேப் வைத்து அளந்தால் தெரியும். அதைத் திரும்ப ஏற்றுவதுதான் நிஜமான உழைப்பு.

என்னென்ன தப்பாகப் போகலாம்?

மூட்டு இறுகிப் போவது, சவ்வு கழன்று வருவது, வளர்ந்த திசு அளவுக்கு மீறித் தடித்து 'டக் டக்'கென்று இடறுவது, கிருமித் தொற்று, காலில் இரத்தம் உறைவது. கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தாலும், காய்ச்சலோடு முட்டி சிவந்தாலும் அடுத்த அப்பாயின்மெண்ட்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

செலவு, இன்சூரன்ஸ்?

மொத்தத் தொகையை ஒரே எண்ணாகக் கேட்காதீர்கள், உடைத்துக் கேளுங்கள். இரண்டு ஆபரேஷன், இரண்டு மயக்க மருந்து, ஆய்வகச் செல் வளர்ப்பு, சவ்வோ பசையோ, பிரேஸ், சி.பி.எம். மெஷின் வாடகை, பிறகு மாதக்கணக்கில் பிசியோ. கடைசி மூன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முதல் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். செல் வளர்த்த பிறகு மறுத்தால் ஆய்வகப் பணம் போனதுதான். ஆய்வகம் பற்றியும் கேளுங்கள்: அனுமதி இருக்கிறதா, அனுப்பும்போது எத்தனை சதவீதச் செல் உயிரோடு இருக்கும் என்று சான்று தருவார்களா, செல் வளராமல் போனால் மறுபடி எடுக்கும் செலவு யாருடையது?

அம்மாவுக்கு 62 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம். செய்யலாமா?

வேண்டாம். அவர்களுக்குத் தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் மூட்டு மாற்று. அதுதான் அவர்களுக்கான வழி, அதில் நல்ல பலனும் உண்டு.

டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோவில் கூட்டிப் போகலாமா?

ஆட்டோவில் காலை நீட்ட இடம் கிடையாது. கார் சொல்லுங்கள். பின் சீட்டில் முதுகைக் கதவில் சாய்த்து, பிரேஸ் போட்ட காலைச் சீட்டோடு நீட்டி வைத்துக் குறுக்காக உட்கார வேண்டும், முட்டிக்கு அடியில் இல்லாமல் குதிகாலுக்கு அடியில் ஒரு தலையணை. சாய்கிற பக்கத்துக் கதவைப் பூட்டியாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். மாடி வீடென்றால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன காலும் கட்டையும் முதலில்.